நெருங்கிய தோழி சொன்னது

பிப்ரவரி 9

அன்புள்ள அக்கா,

உன் முட்டிவலி குறைந்ததா? அத்தானுக்கு இருமல் விட்டதா? இங்கே நானும் இவரும் எழுந்திருக்கிறோம், குளிக்கிறோம், வேலைக்குப் போகிறோம். நலம் என்று இதைத்தான் எழுத முடிகிறது.

நீ போனில் கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சலித்திருப்பாய். அதை அணைத்து அலமாரியின் மேல்தட்டில் போட்டுவிட்டேன். இனி எடுப்பதாக இல்லை. என் பெண் வாலு போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் என் நம்பர் ஊருக்கே தெரிந்துவிட்டது. கடைசியாக ஒருவன் கூப்பிட்டான், வீடியோ போடுகிறவனாம். "மேடம், நாங்க ஒரு தியரி வெச்சிருக்கோம். நீங்க ஆமா, இல்லைன்னு மட்டும் சொன்னாப் போதும்" என்றான். என் மகள் என்ன விடைத்தாளா, சரி தவறு போட?

நமக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். கல்லூரியில் பாதி கட்டி நிற்கிற நூலகக் கட்டடம், அதன் மூன்றாவது மாடியிலிருந்து விழுந்திருக்கிறாள், காலையில் தோட்டக்காரர் பார்த்திருக்கிறார். மிச்சமெல்லாம் ஆளாளுக்கு இட்டுக்கட்டியது. காதல் என்கிறான் ஒருவன். மேலே நின்று படம் எடுத்தாள், கால் தவறிவிட்டது என்கிறாள் ஒருத்தி. மார்க் திருத்துகிற கும்பலை அவள் பார்த்துவிட்டாளாம், அதனால் தள்ளிவிட்டார்களாம். அங்கே முன்பு செத்துப்போன ஒரு கொத்தனார் கூப்பிட்டுக்கொண்டார் என்றுகூட ஒரு கதை. இதைச் சொன்னவர் இரண்டு பட்டம் வாங்கியவர்.

இவர் ஒவ்வொரு கதையையும் இரண்டு நாள் நம்புகிறார். பள்ளிக்கூட வேனில் பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்ததும், "அந்த மார்க் விஷயம் உண்மையா இருக்குமோ?" என்கிறார். மூன்றாம் நாள் வேறொன்று. நான் எதையும் நம்பவில்லை. நம்பாமல் இருப்பதும் ஒரு வேலையாகத்தான் இருக்கிறது அக்கா, கை வலிக்கிறது.

சோடா எப்படி இருக்கிறாள்? ஒரே விடுதி, ஒரு மாடி வித்தியாசம். அவளுக்கும் தாங்க முடியாமல்தான் இருக்கும். சாப்பிடுகிறாளா, தூங்குகிறாளா, அதை மட்டும் எழுது. வாலு வைத்த பெயராலேயே உன் மகளைக் கூப்பிடுகிறேன் என்று கோபித்துக்கொள்ளாதே. கண்ணாடி போட்டவர்களையெல்லாம் சோடாபுட்டி என்று கேலி செய்வாள். பெரியம்மா மகளுக்கு மட்டும் சலுகையாகப் பாதியைக் குறைத்துக்கொண்டாள்.

இனி கடிதத்திலேயே பேசலாம். பதில் போடு.

உன் தங்கை

பிப்ரவரி 21

அன்புத் தங்கைக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்ததுமே பாதி உயிர் வந்தது. எனக்கு முட்டிவலி அப்படியேதான். அத்தானுக்கு இருமல் விட்டுவிட்டது. நீ ஒழுங்காகச் சாப்பிடு. மாப்பிள்ளையையும் சாப்பிட வை. வேன் ஓட்டுகிறவர், தூக்கம் கெடக் கூடாது.

இங்கே ஓட்டலில் ஏதோ மாநாடு. எல்லா அறையும் நிரம்பி, சலவைப் பகுதிக்குப் படுக்கை விரிப்புகள் மலைமலையாக இறங்குகின்றன. இஸ்திரி மெஷின் ஆவியில் நின்று நின்று என் முகமே வெந்துவிட்டது. புதிதாக வந்த பெண் தலையணை உறையை உள்பக்கம் வெளியே வைத்தே மடித்து அடுக்கிவிட்டாள், மொத்தத்தையும் பிரித்து அடுக்கினோம். இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை. உன் மனம் வேறு பக்கம் திரும்பட்டும் என்றுதான்.

சோடா சாப்பிடுகிறாள், படிக்கிறாள். கடைசி வருஷம், படிப்பு அதிகம். அவளிடம் ஒன்றும் கேட்காதே, அவளுக்கு ஒன்றும் தெரியாது. ஊர் வாயை நாம் மூட முடியுமா? கொஞ்ச நாளில் வேறு செய்தி வந்ததும் எல்லோரும் அதைப் பிடித்துக்கொள்வார்கள். நீ லீவு போட்டுவிட்டு இங்கே வந்து பத்து நாள் இரு.

அன்புடன்
அக்கா

மார்ச் 4

அன்புள்ள அக்கா,

முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு, தள்ளிப்போடாதே. நான் சாப்பிடுகிறேன். சாப்பிட்டேன் என்று உனக்கு எழுதுவதற்காகவாவது சாப்பிடுகிறேன்.

வரச் சொல்கிறாய். வேலையை விட்டு நகர முடியாது. பேருந்து நிலையத்தில் அறிவிப்பு சொல்ல என்னை விட்டால் ஒரு பையன், அவனுக்கு ஊர்ப் பெயர்கள் எல்லாம் நாக்கில் வழுக்கும்.

நேற்று காவல் ஆய்வாளர் கூப்பிட்டு அனுப்பியிருந்தார். இவரும் நானும் போனோம். மரியாதையாகத்தான் பேசினார். "கேஸை முடிச்சுக்கலாம்மா. இது தற்கொலைதான்" என்றார்.

"எப்படிச் சொல்றீங்க?"

"அவங்களோட நெருங்கிய தோழி ஒருத்தங்க வாக்குமூலம் குடுத்திருக்காங்க. 'சாகணும்'னு அடிக்கடி சொல்லிட்டு இருந்தாங்களாம்."

"யாரு அந்தத் தோழி?"

"பேரெல்லாம் சொல்ல முடியாதும்மா. சின்னப் பொண்ணு. எதிர்காலம் இருக்கு."

"என் பொண்ணுக்கும் இருந்துச்சு சார்."

அவர் ஒரு தாளைத் தள்ளினார், எங்களுக்கு ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்துப் போட. பேனா இல்லை என்றேன். பேனாவை நீட்டினார். படிக்கக் கண்ணாடி கொண்டுவரவில்லை என்றேன். படித்துக் காட்டினார். கடைசியில், "மனசு இல்லை சார்" என்று சொல்லிவிட்டு எழுந்தேன். இவர் பயந்துபோய் என் பின்னாலேயே வந்தார். நாங்கள் கையெழுத்துப் போடாவிட்டால் மூடுவதற்கு முன் எல்லோரையும் கூப்பிட்டு ஒரு பொது விசாரணை வைத்தாக வேண்டுமாம். வைக்கட்டும்.

அக்கா, சோடாவிடம் ஒன்றும் கேட்காதே என்றாய், இப்போது கேட்கிறேன். அந்த நெருங்கிய தோழி யார் என்று அவளுக்குத் தெரியாமல் இருக்காது. கேட்டு எழுது. அந்தப் பெண்ணைத் திட்ட மாட்டேன். வாலு என்ன சொன்னாள், எப்போது சொன்னாள், எந்தக் குரலில் சொன்னாள் என்று கேட்க வேண்டும். அவ்வளவுதான்.

பதிலை எதிர்பார்த்திருக்கும்
தங்கை

மார்ச் 30

அன்புத் தங்கைக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? பதில் போடத் தாமதமாகிவிட்டது. முட்டிக்கு மருந்து மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள், அதைப் போட்டால் தூக்கமாக வருகிறது. ஓட்டலில் பெரிய துவைக்கும் மெஷின் பழுதாகி, மெக்கானிக் வந்து போவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. இங்கே வெயில் இப்போதே இப்படி. மாடியில் தண்ணீர் தொட்டியை மாற்றினோம். அத்தானுக்குப் பெயின்ட் கம்பெனியில் ஷிப்டை மாற்றிவிட்டார்கள். எதிர்வீட்டுக்காரர்கள் காலி செய்துவிட்டார்கள்.

சோடாவிடம் கேட்டேன். விடுதியில் எத்தனையோ பெண்கள், யார் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? நீ மாப்பிள்ளையைக் கவனி. ராத்திரியில் பால் குடித்துவிட்டுப் படு.

அக்கா

ஏப்ரல் 7

அன்புள்ள அக்கா,

மருந்தை விடாமல் போடு. அத்தானை ஷிப்டுக்கு நடுவில் எதையாவது சாப்பிடச் சொல். நான் குண்டுக்கல் மாதிரி இருக்கிறேன். ஒரு மெமோ வாங்கியிருக்கிறேன், அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

என் அறிவிப்புக் கூண்டை நீ பார்த்திருக்கிறாய், மாடியில் கண்ணாடி போட்ட அறை. ஜன்னலைத் திறந்து வைத்தால் கீழே ஐந்தாவது நடைமேடைப் பெஞ்சில் பேசுவது அப்படியே கேட்கும். திங்கட்கிழமை இரண்டு பேர், நல்ல சட்டை, நல்ல பை. ஒருவர் சொல்கிறார்: "பொண்ணு கேஸ்னாலே வேற என்ன இருக்கப் போகுது? எவனாவது ஒரு பையன்தான்." இன்னொருவர்: "வளர்ப்பு சார். வீட்ல வளர்ப்பு சரியில்ல."

நான் மைக்கைப் போட்டேன். என் குரல் உனக்குத் தெரியுமே, ஏறாமல் இறங்காமல் வரும். அதே குரலில் சொன்னேன்: "பயணிகளின் கனிவான கவனத்திற்கு. ஐந்தாவது நடைமேடை, முதல் பெஞ்சில் அமர்ந்திருக்கும் இருவருக்கும் ஓர் அறிவிப்பு. நீங்கள் பேசிக்கொண்டிருக்கும் பெண்ணை வளர்த்தது நான்தான். அவளைப் பற்றி ஏதாவது தெரிந்திருந்தால் மாடிக்கு வந்து சொல்லவும். தெரியாவிட்டால் வாயை மூடிக்கொண்டு பயணம் செய்யவும். உங்கள் வண்டி புறப்படத் தயாராக உள்ளது."

நிலையமே நின்றுவிட்டது அக்கா. அந்த இரண்டு பேரும் வண்டி ஏறினார்களா, ஓடினார்களா தெரியவில்லை. டிக்கெட் பரிசோதகரம்மா மூச்சிரைக்க மாடி ஏறி வந்தாள். "இன்னொரு தடவை சொல்லுங்க, நான் பாத்ரூம்ல இருந்தேன், பாதிதான் கேட்டுச்சு" என்றாள். அன்றைக்குத்தான், வாலு போன பிறகு முதல் தடவை, எனக்குச் சிரிப்பு வந்தது. சாயங்காலம் மேலாளர் மெமோ கொடுத்தார். பயணத்துக்குச் சம்பந்தமில்லாத அறிவிப்பாம். அவர்கள் ஊர் போய்ச் சேரும்வரை பேசாமல் இருந்திருப்பார்கள், அது பயணத்துக்குச் சம்பந்தம்தான் என்று பதில் எழுதிக் கொடுத்தேன்.

நீ எழுதியதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். துவைக்கும் மெஷின், தண்ணீர் தொட்டி, எதிர்வீடு எல்லாம் விவரமாக இருக்கிறது. நான் கேட்டதற்கு மட்டும் ஒரு வரி. சோடா என்ன சொன்னாள் என்று அவள் சொன்ன மாதிரியே எழுது.

தங்கை

ஏப்ரல் 28

தங்கைக்கு,

எல்லோரும் சுகம். நீயும் அப்படி இருக்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

மைக்கில் பேசியது இந்த ஊர்வரை வந்துவிட்டது. அத்தானிடம் கம்பெனியில் கேட்டிருக்கிறார்கள். வேலையைத் தொலைத்துக்கொள்ளப் போகிறாயா? போனவள் வரப்போவதில்லை. இருப்பவர்களை நினைத்துப் பார். சோடாவுக்கு மருந்துக் கம்பெனி ஆய்வகத்தில் வேலை உறுதியாகிவிட்டது, கல்லூரி மூலமாகத்தான். பரீட்சை முடிந்ததும் சேர வேண்டும். இந்த நேரத்தில் அவள் காதில் எதுவும் விழ வேண்டாம் என்று பார்க்கிறேன்.

அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டுவிடு. அத்தானும் அதையேதான் சொல்கிறார்.

அக்கா

மே 15

அன்புத் தங்கைக்கு,

நலமா? நான் போன கடிதத்தில் கொஞ்சம் கடுமையாக எழுதிவிட்டேன். நீ பதில் போடவில்லை. கோபமாக இருப்பாய்.

சோடாவுக்குப் பரீட்சை முடிந்து ஐந்து நாளாகிறது. வீட்டுக்கு வரவில்லை. விடுதியைக் காலி செய்துவிட்டாள் என்கிறார்கள். போன் அணைந்திருக்கிறது. தோழி வீட்டுக்குப் போகிறேன் என்று ஒரு செய்தி மட்டும் அனுப்பியிருந்தாள், எந்தத் தோழி என்று இல்லை. அத்தான் தேடிக்கொண்டு போயிருக்கிறார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. விரிப்பு மடிக்கும்போது மூலை சேரவில்லை, சூப்பர்வைசர் என்னையே பார்க்கிறார்.

உன்னிடம் ஏதாவது சொல்லியிருக்கிறாளா? நீ போனை ஒரே ஒரு தடவை எடுக்கக் கூடாதா?

அக்கா

மே 18

அன்புள்ள அக்கா,

முதலில் இதைப் படி: சோடா என் வீட்டில் இருக்கிறாள். சாப்பிட்டாள், தூங்கினாள். இவர் பக்கத்து வீட்டு போனிலிருந்து அத்தானுக்குச் சொல்லிவிட்டார். உனக்கு நான்தான் எழுத வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

நேற்று மத்தியானம் நல்ல வெயிலில் வந்தாள். அவ்வளவு நாளும் ஒரு தோழி வீட்டில் இருந்துவிட்டு வந்திருக்கிறாள். கூண்டுக்குக் கீழே பையோடு நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சித்தி, நான்தான்."

"நீதான்னு தெரியுதே. மேல வா."

"இல்ல சித்தி. அந்த நெருங்கிய தோழி நான்தான்."

நான் இறங்கிப் போய் அவள் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டேன். அதைத் தவிர என்ன செய்வதென்று தெரியவில்லை. எனக்கு வந்தது கோபமா, வேறு ஏதாவதா, இப்போதுகூடச் சொல்ல முடியாது. அடுத்த வண்டிக்கு அறிவிப்பு சொல்ல வேண்டியிருந்தது. அவளைப் பக்கத்து ஸ்டூலில் உட்கார வைத்துவிட்டுச் சொன்னேன். ஊர்ப் பெயர் ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை.

அப்புறம் அவள் பேசினாள். வாலு போன இரண்டாம் நாள், கல்லூரி முதல்வர் அறை. முதல்வர், ஆய்வாளர், இவள். "சாகணும்னு எப்பவாவது சொல்லியிருக்காளா?" என்று கேட்டிருக்கிறார்கள். "ஒரு தடவை சும்மா..." என்று ஆரம்பித்திருக்கிறாள். "சும்மாவோ எப்படியோ, சொன்னாளா இல்லையா?" "சொன்னா சார்." அவ்வளவுதான், எழுதிவிட்டார்கள். ஒரு தடவை என்பது 'அடிக்கடி' ஆனது எப்படி என்று இவளுக்குத் தெரியாது. பயத்தில் படிக்காமலே கையெழுத்துப் போட்டிருக்கிறாள்.

நான் கேட்டேன், "எப்படிம்மா சொன்னா?"

"ஜெராக்ஸ் கடையில சித்தி. புராஜெக்ட் குடுக்கக் கடைசி நாள். மெஷின்ல பேப்பர் மாட்டிக்கிச்சு, முன்னாடி அவ்வளவு பெரிய வரிசை. 'சோடா, செத்துரலாம் போல இருக்குடி, நீ போய் ஜூஸ் வாங்கிட்டு வா'ன்னா. நான் சிரிச்சேன். வாங்கிட்டு வந்தேன். ரெண்டு பேரும் குடிச்சோம்." அப்புறம், "ஜூஸ் வாங்கிட்டு வான்னு சொன்னதை அவங்க எழுதல சித்தி" என்றாள்.

ராத்திரி வீட்டில் இன்னொன்றும் சொன்னாள். விடுதிக்குள் போன் சிக்னல் கிடைக்காதாம். வீட்டுக்குப் பேச எல்லோரும் அந்தக் கட்டடத்தின் மூன்றாவது மாடிக்குத்தான் ஏறுவார்களாம். கைப்பிடிச் சுவர் கிடையாது, விளக்கு கிடையாது. கல்லூரிக்கே தெரியும். மறுநாளே அவசரமாகக் கதவு வைத்துப் பூட்டிவிட்டார்கள். இதைக் கேட்டதும் இவர் துள்ளி எழுந்தார்: "அப்ப விபத்துதான்! கால் தவறியிருக்கு!" நான் அதற்கும் தலையாட்டவில்லை. விபத்து என்றால் எனக்கு ஆறுதலாக இருக்கும். ஆறுதலாக இருக்கிறது என்பதற்காக ஒன்றை நம்பினால், எனக்கும் அந்த வீடியோக்காரனுக்கும் என்ன வித்தியாசம்?

பொது விசாரணையில் வந்து நடந்ததை முழுதாகச் சொல்கிறேன் என்கிறாள். நான் கேட்கவில்லை அக்கா. அவளாகத்தான் சொன்னாள்.

முதல்வர் அறையில் அவளுக்குப் பக்கத்தில் யார் இருந்தார்கள் என்றும் சொன்னாள். அதைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. நீ எழுது.

தங்கை

மே 22

நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை. அவளை அனுப்பி வை.

நீயாக ஒன்றும் கேட்கவில்லை என்கிறாய். கேட்க வேண்டுமா? நீ அந்தக் கூண்டில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாலே போதுமே. சின்னப் பெண் உருகாமல் என்ன செய்வாள்? கொடுத்த வாக்குமூலத்தை மாற்றினால் பொய் சொன்னதாக அவள் மேலேயே திரும்பும் என்று முதல்வர் அப்போதே சொல்லியிருக்கிறார். வேலை போகும். பட்டம் போகும். இந்த வீட்டில் முதல் பட்டம் அது. உனக்கு இழக்க இனி ஒன்றுமில்லை. எனக்கு இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமைக்குள் அவள் இங்கே இருக்க வேண்டும்.

ஜூன் 1

அன்புள்ள அக்கா,

நீ கேட்காவிட்டாலும் நான் கேட்கிறேன், நலமா? முட்டி எப்படி இருக்கிறது?

ஞாயிறு போய் இன்னொரு ஞாயிறும் போய்விட்டது. உன் கடிதத்தைச் சோடாவிடம் கொடுத்தேன், ஒரு வரிகூட மறைக்கவில்லை. "உங்க ஊர் வண்டி எல்லாம் எனக்கு மனப்பாடம். எதுல வேணும்னாலும் ஏத்தி விடறேன்" என்றேன். தலையை ஆட்டினாள். பை இன்னும் நான் வைத்த மூலையிலேயே இருக்கிறது. கதவைப் பூட்டி யாரையும் வைத்திருக்கவில்லை அக்கா. நீ வந்து கூப்பிட்டால் அவள் வரலாம். வா.

எனக்கு இழக்க ஒன்றுமில்லை என்று எழுதியிருக்கிறாய். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். செத்த பெண்ணிடமிருந்தும் பிடுங்கிக்கொள்ள எவ்வளவோ இருக்கிறது என்று இந்த ஐந்து மாதத்தில் தெரிந்துகொண்டேன். ஆளுக்கொரு துண்டாக எடுத்துக்கொண்டு போகிறார்கள். ஒருவனுக்கு அவள் காதல் வேண்டும், ஒருவனுக்கு அவள் மார்க் வேண்டும். கல்லூரிக்கு அவள் துக்கம் வேண்டும், பூட்டாத கட்டடத்தைப் பற்றி யாரும் கேட்காமல் இருக்க. வரிசையில் நின்று கால் வலித்து அவள் சொன்ன ஒரு விளையாட்டு வார்த்தை, அதைக்கூட விடவில்லை. அது என் பெண்ணின் பேச்சு. எனக்குத் திரும்ப வேண்டும்.

வாலு போனதும் நீ வந்து நாலு நாள் என்னோடு இருந்தாய். தலையை வாரிவிட்டாய், சோறு ஊட்டினாய். சீப்பு என் தலையில் இருந்த நேரமெல்லாம் இது உன் வாய்க்குள் இருந்திருக்கிறது. "கையெழுத்துப் போட்டுட்டு வா, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று முதல்வர் அறையில் நீ சொன்னதாகச் சோடா சொன்னாள். உனக்கு எந்த பஸ் அக்கா? அன்றைக்கு நீ என் வீட்டுக்குத்தானே வந்தாய்?

உன்னைத் திட்ட உட்கார்ந்தேன், வரவில்லை. பிள்ளையைக் காப்பாற்ற நானும் அந்த நாற்காலியில் அப்படி உட்கார்ந்திருப்பேனோ என்று நினைத்துப் பார்க்கிறேன். இருந்திருக்கலாம். ஆனால் இப்போது நான் உட்கார்ந்திருப்பது இந்தப் பக்கம். இங்கிருந்து எழுந்திருப்பதாக இல்லை.

ஜூலை 6, விசாரணை. மாறாத அன்புடன்தான் முடிக்கிறேன், கோபத்தோடும்.

தங்கை

ஜூலை 12

அன்புள்ள அக்கா,

உடம்பைப் பார்த்துக்கொள். மெலிந்திருக்கிறாய். எப்படித் தெரியும் என்று கேட்காதே.

விசாரணை நடந்த அறையில், பக்கவாட்டு வாசலில், அலமாரிக்குப் பக்கத்தில் நின்றாய். சோடா பேசி முடித்ததும் போய்விட்டாய். அவளிடம் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தேன். அவளே சொன்னாள்: "தெரியும் சித்தி. அம்மா செருமினாங்க." அதன் பிறகு நடந்ததை நீ பார்க்கவில்லை, அதனால் எழுதுகிறேன்.

கல்லூரி வக்கீல் எழுந்தார். "விளையாட்டா சொன்னதுன்னே வெச்சுக்குவோம். மனசுல இல்லாதது வாயில வருமா? மனசு சரியில்லாத பொண்ணுதான் சாவைப் பத்திப் பேசும்" என்றார். விசாரணை அதிகாரி என்னைப் பார்த்து, "நீங்க ஏதாவது சொல்லணுமாம்மா?" என்றார்.

எழுந்தேன். மைக் இல்லாமல் கூட்டத்தில் பேசி எவ்வளவோ நாளாகிறது, அறிவிப்புக் குரலிலேயே ஆரம்பித்தேன். 

"ஐயா, காலைல உள்ள வரும்போது உங்க பியூன் 'வெயில் கொல்லுது'ன்னார். யாரையாவது கைது பண்ணீங்களா? இந்த வக்கீல் சார் வாசல்ல போன்ல, 'பசி உயிர் போகுது, சீக்கிரம் முடிச்சிட்டு வந்துடறேன்'னார். ஆம்புலன்ஸ் கூப்பிடணுமா? எங்க வீட்ல நாங்க ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சாவோம். பல்வலில சாவோம், சிரிச்சே சாவோம். என் வீட்டுக்காரர் வேன்ல அந்தப் பசங்களைக் 'கொன்னுடுவேன்'னு சொல்லித்தான் ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போறார், அத்தனையும் பத்திரமா வீடு வந்து சேருது. இது நம்ம பேச்சுங்க. இதை வெச்சு என் பொண்ணு மேல பழி எழுதினா, இந்த ஊர்ல ஒருத்தர் மிச்சம் இருக்க மாட்டோம்."

யாரோ சிரித்துவிட்டார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "அப்ப என்ன நடந்துச்சுன்னு நீங்க நினைக்கிறீங்க?"

"தெரியாதுங்க. அதைத்தான் நான் முதல் நாள்லேர்ந்து சொல்றேன். தெரியாதுன்னு எழுதுங்க. எழுதிட்டுத் தேடுங்க. அந்த மாடி ஏன் திறந்து கிடந்துச்சுன்னு தேடுங்க. மறுநாள் ஏன் பூட்டுனாங்கன்னு தேடுங்க."

சாயங்காலம் உத்தரவைப் படித்தார். தற்கொலை என்ற சொல்லை எடுத்துவிட்டார்கள். 'இறப்புக்கான காரணம் தெரியவில்லை. விசாரணை தொடரும்.' இவர் வெளியே வந்து மரத்தடியில் உட்கார்ந்து அழுதார். "இதுக்கா இவ்வளவு பாடு? தெரியலைன்னு எழுதவா?"

"ஆமா. தெரியலைன்னு எழுதத்தான்" என்றேன்.

சோடா அவருக்குத் தண்ணீர் வாங்கிக் கொடுத்தாள். என் பெண் ஏன் செத்தாள் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது அக்கா. ஆனால் இந்தத் தெரியாதது எங்களுடையது. வேறு யாரும் அதில் தங்கள் கதையை எழுதிவிட்டுப் போக முடியாது.

அத்தானை விசாரித்ததாகச் சொல். சோடா அடுத்த வாரம் அங்கே வருவதாக இருக்கிறாள். பெட்டி கட்டுவது அவள் இஷ்டம்.

தங்கை

ஆகஸ்ட் 20

என் அன்புத் தங்கைக்கு,

சௌக்கியமா? மாப்பிள்ளை தூங்குகிறாரா? எனக்கு முட்டி தேவலை. முதல்வர் அறையில் நானும் இருந்தது தெரிந்ததிலிருந்து அத்தான் சோடாவோடு பேசுகிறார், என்னோடு பேசுவதில்லை. கோபத்தில் அவரே சமைத்துக்கொள்கிறார். ஒரு ஆளுக்குச் சமைக்கத் தெரியாமல் மூன்று பேருக்குச் செய்துவிடுகிறார். நாங்களும் சாப்பிடுகிறோம். உப்பு கூடுதல், நான் சொல்லவில்லை.

முதல்வர் சொன்னது நடந்துவிட்டது. மருந்துக் கம்பெனி வேலை போய்விட்டது. சோடாவின் பரீட்சை முடிவை மட்டும் நிறுத்தி வைத்திருக்கிறார்கள், 'ஒழுங்கு நடவடிக்கை' என்று. அவள் அழவில்லை. "எதிர்பார்த்ததுதாம்மா" என்றாள். அவள் அழுதிருந்தால் நான் வீட்டிலேயே இருந்திருப்பேன் போலிருக்கிறது. அழாமல் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. ஓட்டலில் லீவு சொல்லிவிட்டு வேலைச் சீருடையோடு கல்லூரிக்கு வண்டி ஏறிவிட்டேன்.

அதே அறை, அதே நாற்காலி. "எதுக்காக நிறுத்தி வெச்சிருக்கீங்கன்னு காரணத்தை எழுதிக் குடுங்க" என்றேன்.

"அதெல்லாம் எழுதித் தர முடியாதும்மா. உங்க பொண்ணு பொய் வாக்குமூலம் குடுத்திருக்கா."

"பாதி வாக்குமூலம் சார். மீதியை நீங்க கேக்கல."

"அன்னைக்கு நீங்களும்தானே இங்க இருந்தீங்க?"

"இருந்தேன் சார். அதனாலதான் இன்னைக்கும் இருக்கேன்."

அவர் ஏதோ கோப்பைப் புரட்டினார். நான் எழுந்திருக்கவில்லை. ஆள் அனுப்பி வெளியே உட்காரச் சொன்னார், வெளியே உட்கார்ந்தேன். "ஆபீஸ் மூடற நேரம்மா" என்றார்கள். "மூடுங்க. காலைல திறப்பீங்கல்ல?" என்றேன்.

இன்றோடு மூன்று நாளாகிறது. இந்த ஊரிலேயே ஒரு சின்ன அறை எடுத்திருக்கிறேன். அந்தக் கட்டடம் என் நாற்காலியிலிருந்து தெரிகிறது. நேற்று அங்கே ஆட்கள் வந்து கைப்பிடிச் சுவர் கட்ட ஆரம்பித்திருக்கிறார்கள். நான் எழுந்துபோய் மேஸ்திரியிடம், "யார் கட்டச் சொன்னது, எப்போ சொன்னாங்க?" என்று கேட்டு வைத்திருக்கிறேன். பெயரும் வாங்கிவிட்டேன். விசாரணை தொடரும் என்று எழுதியிருக்கிறார்களே, தேவைப்படும்.

மே மாதம் உனக்கு நான் எழுதிய கடிதத்தில் ஒரு வரி இருக்கிறது. எந்த வரி என்று உனக்குத் தெரியும். அதற்கு மேல் எனக்கு எழுத வரவில்லை, நேரில்தான் வரும்.

இங்கே முதல்வர் அறை வாசலில் இரண்டு நாற்காலிகள். ஒன்றில் நான். இன்னொன்றில் காலையில் ஒரு குமாஸ்தா கோப்புகளைக் கொண்டுவந்து வைத்தார். எடுக்கச் சொல்லிவிட்டேன்.

"ஏம்மா, காலியாத்தானே இருக்கு?" என்றார்.

"ஆள் வருது" என்றேன்.

உன் அக்கா